மூன்று எண்ணெய் டின்

எங்கள் ஊரில் பௌர்ணமி அன்று தெருவிளக்கு எரியும். அமாவாசை அன்று எரியாது. கேட்கிறவர்கள் நான் மாற்றிச் சொல்வதாக நினைக்கிறார்கள். மாற்றவில்லை. நிலா பட்டப்பகலாகக் காய்கிறபோது பாதையில் இருக்கும் மூன்று கம்பத்திலும் விளக்கு பளிச்சென்று எரியும். நீட்டிய கை தெரியாத நாட்களில் பஞ்சாயத்து ஆள் சின்னுசாமி வந்து ஸ்விட்சை அணைத்துவிட்டுப் போவார். ஒரு வருஷமாக இந்தக் கூத்துதான் நடந்தது.

காரணம், ஊருக்கு மேலே மேட்டில் இருக்கும் முட்டைக் கட்டடம். மலைக்குக் கீழே சமவெளியில் இருக்கும் கல்லூரி ஒன்று கட்டிய வானோக்குக் கூடம் அது. கூரை வெள்ளையாக உருண்டையாக இருப்பதால் நாங்கள் வைத்த பெயர் அப்படி. பூமிக்குப் பக்கத்தில் வந்துபோகும் விண்கற்களை அங்கிருந்து தொலைநோக்கியில் படம் பிடிப்பார்கள். எந்தக் கல் எந்த வழியாகப் போகிறது, பின்னால் ஒருநாள் பூமியில் வந்து மோதுமா என்று கணக்குப் போட அந்தப் படங்கள் வேண்டுமாம். நிலா வெளிச்சத்தில் மங்கலான கல் தெரியாது. அதனால் அவர்களுக்கு வேலை அமாவாசையை ஒட்டித்தான். அந்த நாட்களில் எங்கள் மூன்று விளக்கும் தொலைநோக்கியின் கண்ணைக் கூசவைக்கிறதாம். மேலே மனு கொடுத்தார்கள், மேலே இருப்பவர்கள் சரி என்றார்கள், விளக்கு அணைந்தது. நான் இந்த வார்டு உறுப்பினர். கூட்டத்தில் எனக்கும் ஒரு நாற்காலி போடுகிறார்கள். ஆனால் என்னிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

மலைமேல் இருக்கும் எங்கள் குண்டனி நாட்டுக்காரர்களுக்குக் கரடி புதிதல்ல. தார்ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கினால் ஊருக்கு வர ஒரு மண்பாதை. இரண்டு பக்கமும் மிளகுக்கொடி ஏறிய மரங்கள், நடுநடுவே பலா. சித்திரையில் பலா பழுத்தால் வாசனைக்குக் கரடி வரும். வெளிச்சம் இருந்தால் அது நிற்கிற இடம் நமக்குத் தெரியும், நாம் வருவது அதற்குத் தெரியும். அது ஒரு பக்கம் ஒதுங்கும், நாம் ஒரு பக்கம் ஒதுங்குவோம். இத்தனை காலம் அப்படித்தான் பிழைத்தோம்.

அந்தச் சித்திரை அமாவாசைக்கு முதல் நாள், என் வீட்டுக்காரரின் அக்கா பாப்பாத்தி செம்மேட்டுச் சந்தைக்குப் போய்விட்டுக் கடைசி பஸ்ஸில் வந்து இறங்கினாள். செல்போன் டார்ச்சை அடித்துக்கொண்டுதான் நடந்தாள். டார்ச் காலடியைக் காட்டும். பலாமரத்தடியைக் காட்டுமா? இரண்டாவது கம்பத்துக்கு நேர் கீழே, அணைந்து கிடந்த விளக்குக்கு அடியிலேயே, கரடி அவள் மேல் பாய்ந்தது. கூச்சல் கேட்டு நாங்கள் தீப்பந்தத்தோடு ஓடியபோது இடது கன்னமும் கண்ணும் இருந்த இடத்தில் ரத்தம்தான் இருந்தது. ஆம்புலன்ஸ் வந்து நாமக்கல்லுக்குக் கொண்டுபோனார்கள். உயிர் தப்பினாள். கண் தப்பவில்லை.

விடிந்ததும் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்த என் வீட்டுக்காரர் ராசப்பன், முகம்கூடக் கழுவாமல் சொன்னார்.

"இனிமே புள்ள ஐ.டி.ஐ.க்குப் போக வேண்டாம். ஊட்டுல இருக்கட்டும்."

எங்கள் மகள் கோகிலா செம்மேட்டில் எலக்ட்ரீஷியன் படிக்கிறாள். அவளும் அதே பாதையில், இருட்டிய பிறகு வரும் அதே பஸ்ஸில்தான் திரும்புவாள்.

"பரீட்சைக்கு இன்னும் கொஞ்ச நாளுதானுங்க இருக்குது," என்றேன்.

"அக்கா மூஞ்சியப் பாத்தீல்ல? என் புள்ளைக்கும் அது வேணுமா?"

அவர் சொன்னதில் தப்பு இல்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. கோகிலா சமையற்கட்டு வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அழவில்லை. பையிலிருந்து டெஸ்டரை எடுத்து அலமாரியில் வைத்தாள், அவ்வளவுதான். வயரிங் படிக்கிற பெண், பாதையில் விளக்கு இல்லாததால் படிப்பை விட வேண்டும். இதை யாரிடம் போய்ச் சொன்னாலும் சிரிப்பார்கள்.

"வெளக்கு எரிஞ்சா அனுப்புவீங்களா?" என்று கேட்டேன்.

"எரியட்டும். அப்பறம் பேசலாம்."

அன்று மத்தியானமே மேட்டில் ஏறினேன். கூடத்தின் பொறுப்பாளர் மோகன்ராஜ் தூங்கிக்கொண்டிருந்தார். தஞ்சாவூர்ப் பக்கத்துப் பையன், கண்ணாடி போட்டவர், யாரிடமும் அதிர்ந்து பேசாதவர். கதவை நான் தட்டிய தட்டில் அலறியடித்துக்கொண்டு எழுந்து வந்தார்.

"வாங்க மேடம். நானே வந்து பார்க்கணும்னு இருந்தேன். நேத்து ராத்திரி கீழ ஏதோ வண்டி, நீல லைட்டு சுத்திக்கிட்டே ரொம்ப நேரம் நின்னுச்சு. ரெண்டு படம் வீணாப் போச்சு. கொஞ்சம் சொல்லி வைங்க."

"அது ஆம்புலன்ஸுங்க சார்," என்றேன். "கரடி அடிச்சு எங்க நங்கைக்கு, எங்க ஊட்டுக்காரரு அக்காவுக்கு, ஒரு கண்ணு போச்சு. அவங்களத் தூக்கிட்டுப் போக வந்த வண்டி. அடுத்த தடவ லைட்டு போடாம வரச் சொல்றனுங்க."

அவர் முகம் செத்துப்போனது. உட்காருங்கள் என்றார், தண்ணீர் கொடுத்தார். என்ன சொல்வதென்று தெரியாமல், தெரிந்ததைச் சொல்ல ஆரம்பித்தார். கம்ப்யூட்டரைத் திறந்து நான்கு படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக மாற்றி மாற்றிக் காட்டினார். நட்சத்திரம் எல்லாம் அசையாமல் நின்றது. ஒரு புள்ளி மட்டும் நகர்ந்தது. அதுதான் கல். கல்யாண மண்டபம் அளவு இருக்குமாம். நாற்பது சொச்சம் வருஷம் கழித்துப் பூமிக்கு மிகவும் பக்கத்தில் வருமாம்.

"போன வாரம் மோதுறதுக்கு இருபதாயிரத்துல ஒரு வாய்ப்புன்னு இருந்துச்சு மேடம். இப்ப எட்டாயிரத்துல ஒண்ணு."

"அப்ப கிட்ட வருதா?"

"இல்ல, அப்படி அர்த்தம் இல்ல. கல்லு அதே வழியிலதான் போகுது. நமக்குத்தான் அந்த வழி இன்னும் சரியாத் தெரியல. போகக்கூடிய எடம்னு பெருசா ஒரு பட்டை இருக்கு. அளக்க அளக்கப் பட்டை சுருங்கும். பூமி அதுக்குள்ள இருக்கிற வரைக்கும் எண் ஏறும். வெளிய விழுந்துட்டா ஒரேயடியா பூஜ்யம்."

அது எனக்குப் புரிந்தது. காணாமல் போன மாட்டை மலை முழுக்கத் தேடும்போது அது நம் காட்டுப் பயிரில் மேய்கிறது என்று யாரும் நினைப்பதில்லை. தேடித் தேடி ஒரு பள்ளம்தான் பாக்கி, நம் காடும் அந்தப் பள்ளத்தில்தான் என்றால் நெஞ்சு அடித்துக்கொள்ளும். மாடு என்னவோ காலையிலிருந்து ஒரே இடத்தில்தான் நிற்கிறது.

"இந்த அமாவாசையை விட்டா கல் மங்கிடும்," என்றார். "மறுபடி தெரிய ஆறு வருஷம் ஆகும். ஒவ்வொரு ராத்திரியும் முக்கியம் மேடம்."

"நாப்பது வருசத்துக்கு அப்பறம் வர்ற கல்லுக்கு எட்டாயிரத்துல ஒண்ணுன்னு சொல்றீங்க. சரிங்க. பழுத்த பலா மரம், வெளக்கு இல்லாத பாதை, ஏழு மணிக்கு எறங்கற புள்ள. இதுக்கு எத்தனைல ஒண்ணுங்க சார்?"

அதற்கு அவரிடம் கணக்கு இல்லை. யாரும் போடச் சொல்லவில்லை.

இன்னும் நின்றால் வாயில் வரக்கூடாதது வரும் என்று எழுந்து வெளியே வந்தேன். அவர் தூங்கும் அறையிலிருந்து முட்டைக் கட்டடத்துக்குக் கொஞ்ச தூரம் சிமெண்டுப் பாதை. அதன் ஓரத்தில் கணுக்கால் உயரத்துக்குச் சின்னச் சின்னச் சிவப்பு விளக்குகள் நட்டிருந்தன. ஒவ்வொன்றின் தலையிலும் தகரத்தில் ஒரு மூடி.

"இது எதுக்குங்க?"

"ராத்திரி போகும்போது தடுக்கி விழாம இருக்க மேடம்."

"இது உங்க மிஷினுக்குக் கூசாதா?"

"கூசாது. மூடி இருக்கே. வெளிச்சம் மேல போகாது, தரைக்கு மட்டும்..."

அங்கேயே நிறுத்திக்கொண்டார். நானும் நின்றுவிட்டேன்.

"எங்க கம்பத்துக்கும் இதே மாதிரி மூடி போட்டா?"

"போடலாம். லைட்டோட தலையைக் கீழ திருப்பி, மேல மூடி போட்டா எங்களுக்குப் பிரச்சினை இல்ல." குரல் இறங்கிப்போனது. "மனுவுலயே எழுதியிருந்தோம் மேடம். மூடி போடுங்க, இல்லேன்னா அமாவாசை நாள்ல அணைங்கன்னு. அவங்க அணைச்சிட்டாங்க."

"அணைச்சிட்டாங்க. அப்பறம் நீங்க ஒரு தடவ கேட்டீங்களா, மூடி என்னாச்சுன்னு?"

"இருட்டா இருந்துச்சு... எங்க வேலை நடந்துச்சு..."

கத்தினேன். எனக்கே தெரியாத குரலில் கத்தினேன். "தெரியாம செஞ்சாக்கூட மன்னிக்கலாமுங்க! தெரிஞ்சிருக்குது! உங்க காலு தடுக்கக் கூடாதுன்னு வெளக்குக்குக் குல்லா போட்டிருக்கீங்க. எங்க புள்ளைங்க நடக்கற பாதைக்கு அது தோணல. ஆகாசத்துல போற கல்லு கண்ணுக்குத் தெரியுது. கீழ நடக்கற மனுசன் தெரியல!"

மோகன்ராஜ் தலையைக் குனிந்து நின்றார். அவர் கெட்டவர் என்றால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். கெட்டவர் இல்லை. அணைத்தவனும் கெட்டவன் இல்லை. ஒருத்தன் சுலபமான வரியைப் படித்தான், இன்னொருத்தன் வேலை ஆனது என்று பேசாமல் இருந்தான். அதற்கு விலை பாப்பாத்தியின் ஒரு கண்.

"சாயந்தரம் அஞ்சு மணிக்குக் கீழ வாங்க," என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

வழியிலேயே பஞ்சாயத்து அலுவலகத்துக்குப் போன் போட்டேன். மூடிக்கு எஸ்டிமேட் போட வேண்டும், யூனியன் ஆபீஸில் அனுமதி வாங்க வேண்டும், அடுத்த கூட்டத்தில் வைக்கலாம் என்றார்கள். விளக்கை அணைக்க எந்த எஸ்டிமேட் போட்டீர்கள் என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தேன். பஸ் நிற்கும் இடத்தில் போண்டா போடும் மாணிக்கம் கடையில் காலி எண்ணெய் டின் மூன்று கிடந்தது. தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

கோகிலாவிடம் விஷயத்தைச் சொன்னேன். அலமாரியிலிருந்து டெஸ்டரை எடுத்தாள். டின்னைப் பிரித்து, கத்திரியால் வெட்டி, ஓரத்தை மடித்துத் தட்டி, கம்பி கோக்கத் துளை போட்டாள். விரலில் தகரம் கிழித்ததைக்கூடக் கவனிக்கவில்லை.

ஐந்து மணிக்கு மோகன்ராஜ் வந்தார். கம்பத்தில் ஏற மெயினை அணைக்கச் சொன்னதும் சின்னுசாமி தயங்கினார்.

"மேல இருந்து கேட்டாங்கன்னா நான் என்ன சொல்றதுங்க?"

"வார்டு மெம்பர் வனிதா சொன்னாள்னு சொல்லுங்க. அவளை வந்து கேக்கட்டும்."

ஏணிக்கு என்ன செய்வது என்று பார்த்துக்கொண்டிருந்தபோது என் வீட்டுக்காரர் வந்தார். தோளில் மிளகு பறிக்கும் ஒற்றை மூங்கில் ஏணி. யாரிடமும் பேசவில்லை. கம்பத்தில் சாத்தினார், கயிறு போட்டு இறுக்கினார், இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மகளைப் பார்த்தார்.

"ஏறு சாமி. நான் புடிச்சுக்கறேன்."

மறுபக்கம் மோகன்ராஜ் பிடித்துக்கொண்டார். கோகிலா ஒவ்வொரு கம்பமாக ஏறி, விளக்கின் தலையைக் கீழே திருப்பி, மூடியை முடுக்கினாள். இரண்டாவது கம்பத்தடியில் மண் இன்னும் கறுத்துக் கிடந்தது. மோகன்ராஜ் அதன் மேல் கால் படாமல் நின்றார்.

பொழுது இறங்கியதும் சின்னுசாமி ஸ்விட்சைப் போட்டார். வெளிச்சம் மேலே போகவில்லை, பக்கத்திலும் சிதறவில்லை. பாதை மேலும் பலாமரத்தடியிலும் மட்டும் விழுந்தது. முன்னே எரிந்ததைவிட நன்றாகத் தெரிந்தது. மோகன்ராஜ் ஓட்டமும் நடையுமாக மேட்டுக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் போன் வந்தது.

"மேடம், கல் தெரியுது. நல்லாவே தெரியுது."

"எங்களுக்குப் பாதை தெரியுதுங்க," என்றேன். நன்றி சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மறுநாள் காலை கோகிலா பஸ் ஏறினாள். சாயந்தரம் அவள் அப்பா பஸ் நிற்கும் இடத்தில் போய் நின்றுகொண்டிருந்தார். விளக்கு எரிந்தாலும் அவர் போவார். போகட்டும்.

மூன்று வாரம் கழித்துப் பாப்பாத்தி ஆஸ்பத்திரியிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்தாள். பாதி முகத்தில் கட்டு. மோகன்ராஜ் பார்க்க வந்தார். கையில் லட்டுப் பெட்டி. உலகம் முழுக்க இருக்கிற தொலைநோக்கிகள் அனுப்பிய அளவுகளோடு இவருடையதும் சேர்ந்து, கல்லின் வழி தெளிவாகிவிட்டதாம். பூமியில் மோதாது. பூஜ்யம். சொல்லும்போது அவர் கண் கலங்கியது. அது பொய்ச் சந்தோஷம் இல்லை, எனக்கும் தெரிந்தது.

பாப்பாத்தி ஒரு லட்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டாள். வாய் திறக்க வலித்ததால் மெதுவாகப் பேசினாள்.

"நல்லதுங்க சாமி. எல்லாரும் நல்லா இருக்கட்டும்." பிறகு கோகிலா பக்கம் திரும்பினாள். "வர்றப்ப பாத்தேன் கண்ணு. வெளக்கு குல்லா போட்டுக்கிட்டு நிக்குதே. எதுல செஞ்ச?"

"மாணிக்கம் மாமா கடை எண்ணெய் டின்னுல அத்தை."

"எத்தனை டின்னு ஆச்சு?"

கோகிலா என்னைப் பார்த்தாள். நான் மோகன்ராஜைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூணு அத்தை."

பாப்பாத்தி கட்டுப் போட்டிருந்த கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"மூணு டின்னா," என்றாள்.

கையிலிருந்த லட்டைப் பெட்டிக்குள் திரும்ப வைத்தாள். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் யாரும் அந்தப் பெட்டியைத் தொடவில்லை.