மிளகு இருந்த இடம்

1

இந்தக் கதை ஒரு காகிதக் கோப்பையிலிருந்து பிறந்தது. மறைக்க ஒன்றுமில்லை. சென்ற பிப்ரவரியில் பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுன் பக்கம் ஒரு மண்டபத்தில் நடந்த விழாவுக்குப் போயிருந்தேன். வாசலில் மேசை, மேசையில் எவர்சில்வர் அண்டா. அண்டாவில் ஒட்டியிருந்த தாளில் இப்படி அச்சடித்திருந்தார்கள்:

பாபிலோன் ரசம்
செய்முறை: திருமதி ருக்மிணி கோவிந்தராஜன்

ஒரு கோப்பை வாங்கிக் குடித்தேன். இத்தனை ஆயிரம் ஆண்டு கழிந்தும் சூடு ஆறாமல் இருந்தது. இதை வைத்து யாரோ ஒரு பெரிய மனிதரைக் கேலி செய்து எட்டுப் பக்கம் எழுதிவிடலாம் என்று அங்கேயே முடிவு செய்தேன். பெரிய மனிதர் உடனே கிடைத்தார். கேலிதான் பாதி வழியில்

சரி, அது பிறகு.

முதலில் ஒரு ஏற்பாடு. பாபிலோனியர்கள் களிமண் பலகையில் எழுதினார்கள். பலகைகள் உடைந்திருக்கும். உடைந்த இடத்தில் என்ன இருந்திருக்கும் என்று அறிஞர்கள் ஊகித்து எழுதும்போது, ஊகத்தைச் சதுர அடைப்புக்குறிக்குள் போடுவார்கள். இந்தக் கதையிலும் அப்படித்தான். குறிக்கு வெளியே இருப்பது நான் பார்த்தது, அல்லது சம்பந்தப்பட்டவர்கள் எனக்குச் சொன்னது. [உள்ளே இருப்பது நான் இட்டு நிரப்பியது.] எழுத்தாளர்கள் பொதுவாக இந்த மரியாதையை வாசகருக்குச் செய்வதில்லை.

2

தொடக்கம் ஒன்று: 'யூப்ரடீஸ் நதியின்மேல் அந்தி கவிந்த அதே வேளையில், பெங்களூர் அடுகோடியில் ஒரு குக்கர் விசில்'

வேண்டாம். நதியையும் குக்கரையும் ஒரே வாக்கியத்தில் உட்காரவைத்தால் இலக்கியம் ஆகிவிடும் என்று நம்புகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பரிசுகளும் கிடைக்கின்றன.

தொடக்கம் இரண்டு: 'கோவிந்தராஜன் ஒரு முட்டாள்.'

நல்ல வாக்கியம். உண்மை இல்லை. ஓய்வு பெற்ற பிறகு, யாரும் சொல்லிக்கொடுக்காமல், பாபிலோனியர்கள் எழுதிய அக்காதிய மொழியைக் கணினியில் தேடித் தேடிப் படித்து, ஆப்பெழுத்தை நாளிதழ் படிப்பதுபோல் படிக்கக்கூடிய மனிதர் அவர். ஆப்பு ஆப்பாகக் களிமண்ணில் குத்தி எழுதிய அந்த எழுத்தைப் பார்த்து எனக்குக் கோழி கிளறிய முற்றம்தான் நினைவுக்கு வந்தது. முட்டாள் யார் என்பது திறந்த கேள்வி.

தொடக்கம் மூன்று: கோவிந்தராஜனுக்குக் காலி இடம் ஆகாது.

இதை வைத்துக்கொள்கிறேன். பணிக்காலம் முழுக்க அவர் பத்திரப்பதிவுத் துறையில் இருந்தவர். பத்திரத்தில் ஒரு வரி காலியாக இருந்தால் நிரப்ப வேண்டும், அல்லது கோடு போட்டு அடிக்க வேண்டும். இரண்டும் செய்யாமல் வருகிறவரை வந்த வழியே அனுப்பிவிடுவார். அந்தப் பழக்கம் ஓய்வு பெறவில்லை. ஹோட்டலில் பில்லோடு தரும் கருத்துச் சீட்டில் 'மணநாள்' என்ற இடத்தைக்கூட விடமாட்டார். நடை போகும் வழியில் யாராவது பேசும்போது பெயர் மறந்து தடுமாறினால், இவரே ஒரு பெயரை எடுத்துக் கொடுத்துவிடுவார். பெரும்பாலும் தவறான பெயர். ஆனால் கொடுத்துவிடுவார்.

[இளமையில் அவருக்கு ஏதோ பெரிய இழப்பு நேர்ந்திருக்க வேண்டும். அந்த வெற்றிடத்தைத்தான் அவர் வாழ்நாளெல்லாம்]

இல்லை. இப்படி ஒன்றை எல்லாக் கதைகளிலும் போடுகிறோம். அவர் வெறுமனே அப்படிப்பட்ட ஆள்.

3

'பாபிலோனிய மொழி பண்பாட்டு ஆய்வு வட்டம்' என்று அமைப்புக்குப் பெயர். பெயரில் இருக்கும் சொற்களைவிட உறுப்பினர்கள் குறைவு. சனிக்கிழமை மாலைகளில் டெரிக் வீட்டு வராந்தாவில் கூடுவார்கள்.

டெரிக் ரிச்சர்ட்ஸ் டவுனிலேயே பிறந்து வளர்ந்தவர், கல்லூரியில் வேதியியல் நடத்தி ஓய்ந்தவர். ஏன் இந்த வட்டத்தில் சேர்ந்தீர்கள் என்று கேட்டேன். "சின்ன வயசுலேருந்து சர்ச்சுல பாபிலோனைத் திட்டித்தான் கேட்டிருக்கேன் மேன். அவங்க சைடையும் ஒருநாள் கேக்கணும்ல?" என்றார்.

மூன்றாவது ஆள் நிருபமா. தர்மபுரிக்காரி, வெளிவட்டச் சாலையில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் பிழை கண்டுபிடிக்கும் வேலை. பிழை கண்டுபிடிப்பதற்குச் சம்பளம் தரும் ஒரே துறை அதுதான் என்பதால் சொல்லிவைக்கிறேன். பின்னால் உதவும்.

குயவர்கள் இருக்கும் பாட்டரி டவுனிலிருந்து பலகை செய்யக் களிமண் வரும். நாணல் எழுத்தாணிக்குப் பதில் சைனீஸ் ஹோட்டல் சாப்ஸ்டிக். அதன் சதுர முனையைச் சாய்த்து அழுத்தினால் ஆப்பு அப்படியே விழும். டெரிக் ஒரு தட்டு நூடுல்ஸ் வாங்கிக்கொண்டு நான்கு ஜோடி கேட்பாராம். "எத்தனை பேர் சார் சாப்பிடறீங்க?" என்று அந்தக் கடைப் பையன் கேட்டதற்கு, "ஒரு நாகரிகமே சாப்பிடுதுப்பா" என்றாராம். (இதை அவர் என்னிடம் இரண்டு முறை சொன்னார். இரண்டாம் முறை இன்னும் நன்றாக இருந்தது. அதனால் நான் கொடுத்திருப்பது இரண்டாம் முறை சொன்னது.)

4

இப்போது மிளகு.

பாபிலோனியர்கள் கனவுகளுக்குப் பலன் எழுதிவைத்தார்கள். கனவில் இதைத் தின்றால் இது நடக்கும், அதைத் தின்றால் அது நடக்கும் என்று வரி வரியாக. அப்படி ஒரு பலகையின் பழைய கறுப்பு வெள்ளைப் படம் கோவிந்தராஜனுக்குக் கிடைத்தது. அதில் ஒரு வரி:

ஒருவன் கனவில் [……] தின்று கண்ணில் நீர் வந்தால், தூரத்து உறவு வீடு வந்து சேரும்.

எதைத் தின்று? அந்த இடத்தில் படத்தில் நிழல் அப்பியிருந்தது. மண் பெயர்ந்துவிட்டது என்றே எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். நிழலின் ஓரத்தில் ஓர் ஆப்பின் வால் மட்டும் தெரிந்தது.

கோவிந்தராஜன் [அந்த வாலை வாரக்கணக்கில் உற்றுப் பார்த்தார்.] காலி இடம். வரிக்கு நடுவில். ஆகாது. ஒரு சனிக்கிழமை வராந்தாவில் அறிவித்தார்: "மிளகு."

"வெங்காயம்னு போடேன்," என்றார் டெரிக். "கண்ணுல தண்ணி வருதுன்னா வெங்காயம்தானே? அவங்ககிட்ட மூட்டை மூட்டையா இருந்துதே."

"உரிச்சாத்தான் தண்ணி வரும், டெரிக். தின்னா எங்க வரும்?"

டெரிக்கிடம் பதில் இல்லை. அந்தப் பதில் இல்லாமையின்மேல்தான் முழுக் கட்டடமும் எழும்பியது. மிளகு என்றால் மேற்குத் தொடர்ச்சி மலை. மலை என்றால் வணிகன். வணிகன் என்றால் தமிழன்.

இதைப் பற்றி எழுதிய முதல் கட்டுரையில் [மிளகு?] என்று ஒழுங்காக அடைப்புக்குறியும் கேள்விக்குறியும் போட்டிருந்தார். இரண்டாவதில் கேள்விக்குறி இல்லை. மூன்றாவதில் அடைப்புக்குறியும் இல்லை. அவர் திட்டம் போட்டு நீக்கவில்லை, தலைமுடி உதிர்வதுபோல் உதிர்ந்தது. நான்காவது கட்டத்தில் விஷயம் பத்ரிநாத்தின் காதுக்குப் போனது.

பத்ரிநாத் 'தென்னகத் தொன்மைப் பேரவை'யின் நிறுவனர், தலைவர், பொருளாளர். மிளகு என்று கேட்டதும் ரசம் என்று புரிந்துகொண்டவர். கோவிந்தராஜனுக்குப் 'பாபிலோனியச் செம்மல்' விருது, சிறப்புரை, விருந்தினர்களுக்கு ரசம். ரசத்துக்கு யார்? செம்மலின் துணைவியார்தான்.

ருக்மிணி அம்மாள் ரசப்பொடிக்கு வறுத்து இடித்துத் தந்தார். பேரவை அச்சிட்ட தாளில் அவர் பெயர் வந்தது. கல்யாணப் பத்திரிகைக்குப் பிறகு அவர் பெயர் அச்சில் வருவது அதுதான் முதல் முறை.

5

விழாவுக்கு முந்தைய சனிக்கிழமை, நிருபமா மடிக்கணினியோடு வராந்தாவுக்கு வந்தாள்.

"சார், அந்த மியூசியத்துல புதுசா கலர் படம் போட்டிருக்காங்க. பக்கவாட்டுல லைட் அடிச்சு எடுத்தது."

"நம்ம பலகையா?"

"நம்ம பலகைதான். சார்… அங்க மண்ணு உடையவே இல்ல."

கோவிந்தராஜன் கண்ணாடியை மாற்றிக்கொண்டு குனிந்தார். பழைய படத்தில் நிழல் இருந்த இடத்தில் வழவழவென்று முழு மண். நடுவில், மற்ற எழுத்துகளைவிடச் சின்னதாக, இரண்டே குறிகள். அவர் 'மிளகின் வால்' என்று சொன்ன வால் இரண்டாவது குறியுடையது.

அவருக்குப் படிக்கத் தெரியும். அதுதான் பிரச்சினை. பார்த்தவுடனே படித்துவிட்டார்.

ஹெபி.

'உடைந்தது' என்று பொருள். பாபிலோனிய எழுத்தர்கள் பழைய பலகையைப் பார்த்துப் புதிதில் படி எடுப்பார்கள். மூலத்தில் எங்காவது உடைந்திருந்தால் ஊகித்து எழுத மாட்டார்கள். அந்த இடத்தில் சின்னதாக 'உடைந்தது' என்று எழுதிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போவார்கள். அது அவர்கள் வழக்கம்.

ஆக, இத்தனை நூற்றாண்டுக்கு முன் எவனோ ஒருவன் 'எனக்குத் தெரியவில்லை' என்று எழுதிவைத்ததை, கோவிந்தராஜன் மிளகு என்று படித்திருக்கிறார்.

டெரிக் எட்டிப் பார்த்தார். "வெங்காயமும் இல்லையா?" என்றார்.

நிருபமா மடிக்கணினியை மூடினாள்.

"நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன் சார்," என்றாள் நிருபமா.

"ஏம்மா?"

"நான் சொன்னா அது பிழை சார். நீங்க சொன்னா திருத்தம்."

6

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னார். பத்ரிநாத்துக்கும் போன் செய்தார். பத்ரிநாத் எதிரில் என்ன சொல்கிறார்கள் என்று கேட்கும் வழக்கம் இல்லாதவர். "சார், பேனர் ஏறியாச்சு, டென்ஷன் மாட்கோபேடி!" என்று, பதற வேண்டாம் எனக் கன்னடத்தில் தைரியம் சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

கோவிந்தராஜனை வாட்டியது விருது இல்லை. (இப்படி எழுதினால் கதாபாத்திரம் உயர்ந்துவிடும். உண்மையைச் சொன்னால் விருதும் கொஞ்சம் வாட்டியது. பொன்னாடைக்குப் பொருத்தமாக ஒரு சட்டை தைத்திருந்தார்.) அதிகம் வாட்டியது அந்தத் தாள். மிளகை எடுத்தால் பாபிலோன் போகும், பாபிலோன் போனால் ரசம் போகும், ரசத்தோடு கீழ்வரியில் ஒரு பெயர் போகும்.

"உன் பேரை வேற போட்டுட்டாங்களே," என்றார்.

ருக்மிணி அம்மாள் பதிலுக்குச் சொன்னதை அந்த அம்மாளே என்னிடம் சொன்னார். "நான் என்னாங்க சொல்றது? ஏங்க, உங்க பலகையில மிளகு இருக்கோ இல்லையோ, என் ரசத்துல இருக்குன்னேன். தூங்குங்கன்னேன்."

[அவர் தூங்கவில்லை.]

7

இந்த இடத்தில் எனக்கு வேண்டிய முடிவு வேறு. அதை எழுதியும் வைத்திருந்தேன். கோவிந்தராஜன் மேடையேறுகிறார், தொண்டையைச் செருமுகிறார், நிருபமா முன்வரிசையில் இருந்து பார்க்கிறாள், இவர் பார்வையைத் திருப்பிக்கொண்டு, 'மிளகே! உன் காரம் யூப்ரடீஸையே' என்று கர்ஜிக்கிறார். கைத்தட்டல். மனிதன் கடைசிவரை திருந்துவதில்லை. நையாண்டிக்காரனுக்கு இதைவிட என்ன வேண்டும்?

இன்னொன்றும் இருந்தது. அதில் அவர் பொன்னாடையை உதறிவிட்டு மண்டபத்தைவிட்டு வெளியேறுகிறார், மழை பெய்கிறது. பிப்ரவரியில் பெங்களூரில் மழைக்கு நான் எங்கே போவேன்.

நடந்தது இது. புதிய படத்தைத் திரையில் போடச் சொன்னார். சாப்ஸ்டிக்கால் அந்த இரண்டு குறிகளைச் சுட்டினார். தயாரித்து வந்த உரையைப் படிக்கவில்லை.

"இங்க 'உடைந்தது'ன்னு எழுதியிருக்கு. நான் மிளகுன்னு படிச்சிட்டேன். மிளகு இல்ல. என்னன்னு எனக்குத் தெரியாது. எங்க ஆபீஸ்ல காலி இடத்தோட பத்திரம் வந்தா திருப்பி அனுப்பிடுவேன். இந்தப் பலகையை எழுதின ஆளு காலி இடத்தைக் காலி இடம்னே பதிவு பண்ணியிருக்கான். அப்படி ஒரு பதிவு இருக்கலாம்னே எனக்கு இத்தனை நாள் தோணல."

நான் நோட்டை மூடினேன். கேலி செய்ய ஆள் போய்விட்டார் என்று வருத்தமாக இருந்தது.

வருத்தம் நீடிக்கவில்லை. பத்ரிநாத் மைக்கைப் பிடுங்கினார். "அய்யாவின் தன்னடக்கத்தைப் பார்த்தீர்களா! இதுதான் தமிழனின் பண்பாடு!" மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. 'பாபிலோனில் மிளகைக் கண்ட மேதையே' என்று தொடங்கும் பாராட்டுப் பத்திரம், கண்ணாடிச் சட்டத்தோடு, வாசித்தே அளிக்கப்பட்டது. கோவிந்தராஜன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். வாய்மேல் பொன்னாடை விழுந்தது.

8

கூட்டம் கலைந்ததும் அவர் நேராக வாசலுக்கு வந்தார். அண்டாவுக்குப் பின்னால் ருக்மிணி அம்மாள் கரண்டியோடு நின்றிருந்தார். நான் இரண்டாவது கோப்பைக்காக வரிசையில் இருந்தேன். அதனால் இதைப் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

கோவிந்தராஜன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார். அண்டாவில் ஒட்டியிருந்த தாளில், ஒரு சொல்லுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும், பத்திரத்தில் திருத்தம் செய்வதுபோல் நிதானமாக, இரண்டு குறிகள் போட்டார். ஓரத்தில் சுருக்கொப்பமும் இட்டார்.

[பாபிலோன்] ரசம்
செய்முறை: திருமதி ருக்மிணி கோவிந்தராஜன்

கீழ்வரியைத் தொடவில்லை.

ருக்மிணி அம்மாள் தாளைப் படித்தார். அவரைப் பார்த்தார். ஒரு கோப்பையை நிரப்பி நீட்டினார். கோவிந்தராஜன் வாங்கி ஒரே மூச்சில் குடித்தார். அவர் கண்ணில் நீர் வந்தது.

பலகையின்படி இப்போது தூரத்து உறவு வந்து சேர வேண்டும். பத்ரிநாத்தான் வந்தார், போட்டோவுக்கு.

எதனால் நீர் வந்தது என்று எழுதினால் கதை முடிந்துவிடும். மூன்று காரணங்கள் எழுதிப் பார்த்தேன், மூன்றும் என்னுடையவை. அந்த அம்மாள் கரண்டியை வைத்துவிட்டு அவரிடம் என்னவோ கேட்டார், அவர் தலையாட்டினார். மின்விசிறிச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. பிறகு நான் விசாரித்தபோது இருவருமே பேச்சை மாற்றிவிட்டார்கள்.

ஆகவே அந்தப் பாபிலோனிய எழுத்தர் செய்ததையே செய்கிறேன்:

அவர் கண்ணில் நீர் வந்தது. காரணம்: [            ]

உங்களுக்கும் காலி இடம் ஆகாது என்றால் நிரப்பிக்கொள்ளுங்கள். மிளகு என்றுகூடப் போடலாம், அந்த ரசத்தில் நிறையவே இருந்தது. பென்சிலால் எழுதுங்கள். அடைப்புக்குறியை மட்டும் அழித்துவிடாதீர்கள்.