பின்னால் கீல் வைத்த கதவு

குள்ளன் என்றுதான் தெருவில் அந்தக் காருக்குப் பெயர். கண்ணாடிக்கடைக்காரருக்கு மட்டும் அது உயிர். மூக்குக்கண்ணாடி விற்றுச் சேர்த்ததையெல்லாம் அதன் வயிற்றில்தான் கொட்டியிருந்தார். இன்று பழங்காலக் கார் வைத்திருப்பவர்கள் கூடும் இடத்தில் குள்ளனின் வரலாற்றைப் பேசப்போகிறார். பெருமைக்குக் கேட்க வேண்டுமா? மனைவியையும் ஏழு மாதக் கர்ப்பிணியான மகளையும் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அந்த வயிற்றோடு மகளால் பின்சீட்டில் நுழைய முடியாது. முன்னால் உட்கார்ந்து, கதவில் சாய்ந்து கண்ணயர்ந்தாள். அம்மா பின்னால் மடங்கிக் கிடந்தாள். பெல்ட் என்ற பேச்சே கிடையாது. அந்தக் காலத்தில் இல்லையாம், இப்போது மாட்டினால் குள்ளனுக்கு அவமானமாம்.

நெடுஞ்சாலை ஏறியதும் அவர் பேச்சை ஒத்திகை பார்த்தார்.

"முதல் வருஷ வண்டியில மட்டும்தான் கதவுக்குக் கீல் பின்னால. நீளப் பாவாடைக்காரங்க சுலபமா ஏறணும்னு பண்ணது. ஆனா ஓடும்போது கொஞ்சம் திறந்தாப் போதும், காத்து உள்ள புகுந்து கதவையே பிச்சுடும். ரெண்டு பேர் விழுந்தப்புறம் கம்பெனி கீலை முன்னால மாத்திடுச்சு. அதனாலதான் நம்ம வண்டிக்கு இந்த மவுசு!"

அம்மா தலையைத் தூக்கினாள். குள்ளனின் பிறப்பு வளர்ப்பெல்லாம் காது புளிக்கக் கேட்டிருக்கிறாள். இந்த இரண்டு பேரைப் பற்றி மட்டும் மனுஷன் வாயைத் திறந்ததில்லை. மகளின் கதவைப் பார்த்தாள். அதன் முன்னோரத்தில் நூலளவு வெளிச்சம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது விரலளவு ஆயிற்று.

"என்னங்க, மெதுவாப் போங்க. கதவு..."

"குள்ளனைக் குறை சொல்லலைன்னா உனக்குத் தூக்கம் வராதே!"

சத்தத்தில் மகள் விழித்தாள். அவள் தினமும் ஓட்டுவது சாதாரணக் கார், கீல் முன்னால். கதவு சரியாகச் சாத்தவில்லை என்றால் ஓட்டத்திலேயே லேசாகத் திறந்து, இழுத்து அடித்துவிடுவாள். கைப்பழக்கம்.

"சரியாச் சாத்தல போல. இரும்மா," என்று கைப்பிடியைத் திருகினாள்.

"வேண்டாம்டி!"

அம்மா எப்படிப் பாய்ந்தாளோ, இரண்டு கையாலும் மகளை சீட்டோடு சேர்த்து வளைத்த நொடியில் கதவு படாரென்று திறந்தது. கைப்பிடியோடு மகளின் கை வெளியே போயிற்று, தோள் போயிற்று. கீழே தார் ஓடிக்கொண்டிருந்தது.  பிடி நழுவுகிறது, நழுவுகிறது என்று மட்டும் அம்மாவுக்குத் தெரிந்தது. பல்லைக் கடித்து இழுத்தாள்.

வண்டி ஓரங்கட்டி நின்றது. மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"அசையுதாடி?"

"இரு... அசையுதும்மா."

கண்ணாடிக்கடைக்காரர் விழுந்தடித்துச் சுற்றி ஓடிவந்தார். முகத்தில் ஈயாடவில்லை. மண்டியிட்டு, கதவை மெல்ல அசைத்து, கீலைத் தடவித் தடவிப் பார்த்தார்.

"நல்லவேளை, வளையல."

அம்மா அவரையே பார்த்தாள்.   மகள்தான் முதலில் இறங்கினாள்.

"அம்மா, இறங்கு. நடந்தே போயிடலாம்."

"இந்த வெயில்லயா? ஏறும்மா," என்றார் அவர், கீலிலிருந்து கையை எடுக்காமல். "கயிறு இருக்கு, கதவைக் கட்டிடறேன்."