அவர் வடிச்ச மூணு வருஷ விஸ்கி

என் வாயிலேர்ந்து நல்ல வார்த்தை லேசுல வராது. விஸ்கி ஆலையில ருசி பார்க்கற வேலை எனக்கு. அங்கே எல்லாரும் வச்சிருக்கற பேரு எட்டிக்காய். மூஞ்சிக்கு நேராவே கூப்பிடுவாங்க, நானும் திரும்பிப் பார்ப்பேன். பத்து கிளாஸை வரிசையா வச்சா பத்துலயும் ஒரு நொட்டை கண்டுபிடிக்கறதுக்குத்தானே சம்பளம் தர்றாங்க?

என் வீட்டுக்காரர் அதே ஆலையில வடிக்கறவர். கொதிகலன்லேர்ந்து முதல்ல வழியறதும் ஆகாது, கடைசியில வர்றதும் ஆகாது. நடுவுல வர்றதை மட்டும் பிடிக்கணும். எங்கே ஆரம்பிக்கறது, எங்கே நிறுத்தறதுங்கறது அவர் கையில. காலம் பூரா அடுத்தவன் சொன்னபடி வடிச்ச மனுஷனுக்கு மூணு வருஷத்துக்கு முன்னாடிதான் முதலாளி மனசு வந்து, "ஒரு பீப்பாய் உங்க இஷ்டத்துக்குப் போடுங்க"ன்னாரு. அன்னைக்கு வீட்டுக்கு வந்து குழந்தை மாதிரி குதிச்சாரு. பார்லியைக் காயவைக்கும்போது சதுப்பு மண்கட்டியை எரிச்சு புகை காட்டுவாங்க. மத்தவங்க இருமல் வர்ற அளவுக்குக் காட்டுவாங்க. இவர் மட்டும், "தொட்டும் தொடாம இருக்கணும்டி"ன்னாரு.

பீப்பாய்க்கு மூணு வருஷம் ஆனாத்தான் உள்ளே இருக்கறதுக்கு விஸ்கின்னே பேரு. அந்த நாள் வர்றதுக்குள்ள இவர் படுத்துட்டாரு. வயித்துல கட்டி. பரவிடுச்சு, இனிமே வாரக் கணக்குதான்னு டாக்டர் என்னையும் பெரிய பொண்ணையும் வராந்தாவுக்குக் கூப்பிட்டுச் சொன்னாரு. "அப்பாகிட்ட மூச்சு விடாதம்மா. தெரிஞ்சா அன்னைக்கே உசுரை விட்டுடுவாரு"ன்னு பொண்ணு என் கையைப் பிடிச்சுக்கிட்டா. அவ சொன்னது நிஜம். ஊசின்னாலே கண்ணை மூடிக்கற ஆளு. அதனால வயித்துல புண்ணு, ஆறிடும், முடி கொட்டறது மருந்துச் சூடுன்னு சொல்லி வச்சிருந்தோம். இவரும் நம்பி, மழைக்காலம் முடிஞ்சதும் வேலைக்குப் போறேன்னு சொல்லிக்கிட்டு இருந்தாரு.

மருந்து அவர் நாக்கை மரக்கட்டை ஆக்கிடுச்சு. எதை வாயில வச்சாலும் இரும்பைச் சப்பற மாதிரி இருக்குதாம். மூக்குல ஆக்சிஜன் குழாய். பீப்பாய்க்கு மூணு வருஷம் முடிஞ்சதும், "நீ போய் ருசி பார்த்துட்டு வந்து சொல்லு. உன் நாக்கு பொய் சொல்லாது"ன்னு ஒரே நச்சரிப்பு.

போனேன். கிடங்குக்காரர் அடைப்பைத் தட்டி எடுத்து, நீளக் குழாயை விட்டு உறிஞ்சி என் கிளாஸ்ல ஊத்தினாரு. வெளுத்த வைக்கோல் நிறம். அறுபது சதவீதத்துக்கு மேல ஆல்கஹால், சின்னப் பையனுக்கு வர்ற கோபம் மாதிரி சுருக்குன்னு மூக்குல ஏறுச்சு. நாலு சொட்டு தண்ணி விட்டேன், அடங்குச்சு. பேரிக்காய், எலுமிச்சைத் தோல், கொஞ்சம் தேன். அதுக்கும் பின்னாடி, ரெண்டு வீடு தள்ளி யாரோ சருகு எரிக்கற மாதிரி ஒரு புகை. வாயில வச்சேன். மிளகு மாதிரி சுட்டுச்சு, அப்புறம் இனிச்சுது. ஒரு நொட்டை இல்லை. தேடினேன், அட கடவுளே, நிஜமாவே தேடினேன்!

நாங்க ருசி பார்த்தா துப்பிடுவோம், முழுங்க மாட்டோம். அன்னைக்கு நான் முழுங்கிட்டேன்.

நேரா ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். வழியெல்லாம் எனக்கு ஒரே சந்தோஷம், அழுகையும் வருது. இத்தனை வருஷமா இந்த மனுஷனைக் கரிச்சுக் கொட்டினதுக்கு ஒரு தடவையாவது வாயார சொல்லலாம்னு நினைச்சுக்கிட்டே போனேன். பெரியவ அவருக்குக் காலைப் பிடிச்சு விட்டுக்கிட்டு இருந்தா. செருப்பைக்கூடக் கழட்டாம சொன்னேன்: "நல்லாயிருக்குங்க. ரொம்ப நல்லாயிருக்கு."

சிரிப்பாருன்னு பார்த்தேன். அவர் முகம் அப்படியே செத்துப்போச்சு.

என்னைப் பார்த்தாரு, பொண்ணைப் பார்த்தாரு. "நான் பிழைக்க மாட்டேனா?"ன்னாரு.

"என்னப்பா பேச்சு இது?"

"உங்கம்மா நல்லாயிருக்குன்னு சொல்றாளே. எட்டிக்காய் எதுக்கு இனிக்குது? டாக்டர் என்ன சொன்னாரு? மறைக்காம சொல்லுங்க."

கட்டில் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு எழுந்திருக்கப் பார்த்தாரு, மூச்சு இழுத்துக்கிச்சு. பெரியவ என்னைப் பார்த்த பார்வை இருக்கே! பாவி, வாயை வச்சுக்கிட்டு சும்மா இருக்கக்கூடாதான்னு கேட்டுச்சு அந்தப் பார்வை.

நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"சரி, நோயாளியாச்சேன்னு பார்த்தேன். கேட்டுக்கோங்க. கடைசியில ஈரத்துணி வாடை அடிக்குது. நிறுத்த வேண்டிய இடத்துல நிறுத்தாம எங்கே பராக்குப் பார்த்துக்கிட்டு இருந்தீங்க? புகையும் பத்தலை, இருக்கா இல்லையான்னு தேட வேண்டியிருக்கு. முதலாளி சரக்கைப் பாழாக்கிட்டு, தொட்டும் தொடாமலாம்! பெரிய ரசனை!"

"ஈரத்துணியா?" அவர் கை கம்பியை விட்டுச்சு.

"நாறுது."

"அன்னைக்கு நிறுத்தும்போதே எனக்கு ஒரு சந்தேகம்தான்." தலையணையில சாய்ஞ்சுட்டாரு. மூச்சு மெல்ல மெல்ல அடங்குச்சு. "பரவாயில்லை. இன்னும் பத்து வருஷம் பீப்பாய்ல கிடந்தா சரியாயிடும். அப்போ நான் பக்கத்துல இருப்பேன், பார்த்துக்கறேன்."

"பார்த்துக்கோங்க, யாரு வேணாம்னா?"

அப்பவும் மனசு ஆறலை அவருக்கு. என் கையை எடுத்துத் தன் தலை மேல வச்சாரு. முடியெல்லாம் கொட்டிப்போன தலை.

"என்மேல சத்தியமா நல்லாயில்லையா?"

பொய்ச் சத்தியம் பண்ணினா, யார்மேல பண்றோமோ அவங்களுக்கு ஆகாதும்பாங்க. இதுக்கு மேல என்ன ஆகணும் அவருக்கு? என் நாக்குல அந்தப் புகை இன்னும் இருந்துச்சு.

"சத்தியமா நல்லாயில்லைங்க"ன்னேன்.

அவர் கண்ணை மூடிக்கிட்டு நிம்மதியா சிரிச்சாரு.