மறைத்த பெட்டிகளையும் காட்டு

1.

இந்தக் கதை ஓர் உதவிக் குறிப்பிலிருந்து பிறந்தது. அதை மறைப்பானேன். ஒரு குழுமத்தில் எந்தக் கம்பெனி எதற்குத் தாய், எது யாருக்கு எத்தனை சதவீதம் சொந்தம் என்பதையெல்லாம் பெட்டிகளாகவும் கோடுகளாகவும் வரைந்து காட்டும் சாப்ட்வேர் ஒன்று இருக்கிறது. அதற்குத் தமிழில் உதவிப் பக்கங்கள் எழுதும் வேலை எனக்கு வந்தது. ‘பில்டர் போட்டு வேண்டியதை மட்டும் பார்ப்பது எப்படி’ என்ற பக்கத்துக்கு ஓர் எடுத்துக்காட்டு தேவைப்பட்டது. கற்பனையாக ஒரு குழுமம், அதற்கு ஒரு முதலாளி என்று எழுதினேன். படத்தை வரைய ஆள் வேண்டுமே என்று ஒரு பெண்ணை நாற்காலியில் உட்கார வைத்தேன். அவள் உட்கார்ந்த கையோடு நாற்காலியின் உயரத்தைச் சரிசெய்துகொண்டு, ‘அப்புறம்?’ என்பதுபோல என்னைப் பார்த்தாள். அதற்குப் பிறகு உதவிக் குறிப்பாவது ஒன்றாவது.

(அந்தப் பக்கம் இன்னும் எழுதப்படவில்லை. வேலை கொடுத்தவர்கள் கதை படிக்கும் ரகமில்லை என்ற தைரியத்தில் சொல்கிறேன்.)

2.

முதல் தொடக்கம்: “மூன்றாவது மாடி ஜன்னலுக்கு வெளியே மழை பெய்துகொண்டிருந்தபோது அவள்—” வேண்டாம். மழையில் தொடங்கும் கதைகளை நானே படிப்பதில்லை.

இரண்டாவது: “பெட்டிகளுக்கு வாய் இருந்தால்—” இல்லை. விட்டுத் தள்ளுங்கள்.

மூன்றாவது: ஆபீசில் அவளை எல்லோரும் கோட்டக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்.

இது நிற்கிறது. யார் எந்தக் கம்பெனியைப் பற்றி வாயைத் திறந்தாலும், “அதெல்லாம் சரி, கோடு எங்கேர்ந்து வருது?” என்று கேட்பாள். அதாவது, அதன் சொந்தக்காரர் யார் என்று. கேட்டுக் கேட்டே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அவளைவிட வயதில் மூத்தவர்கள்கூட அக்கா என்கிறார்கள். அவளுக்கு அதில் பெருமைதான்.

இரண்டு வருஷமாக அவள் ஒரே வேலையைச் செய்திருக்கிறாள். குழுமத்தின் கம்பெனிகளை ஒவ்வொன்றாகத் தேடிப் பிடித்து அந்தச் சாப்ட்வேரில் ஏற்றியிருக்கிறாள். முழுப் படத்தையும் அச்சடித்தால் மீட்டிங் மேஜையை மூடிக்கொண்டு இரண்டு பக்கமும் தொங்கும். போன மீட்டிங்கில் அதை விரித்தபோது, ஆபீஸ் முழுக்கப் பெரியவர் என்று அழைக்கும் முதலாளி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார்.

“என்னம்மா இது, சிலந்திக்கூடா?”

யாரும் சிரிக்கவில்லை. பெரியவரும் சிரிக்கவில்லை.

“அடுத்த மீட்டிங்ல எனக்கு இது புரியணும். இல்லன்னா பழையபடி கையாலயே வரைஞ்சுக்கலாம். இந்த சாப்ட்வேரும் வேணாம், அதுக்குன்னு தனியா ஒரு ஆளும் வேணாம்.”

தனியா ஒரு ஆள் என்றது கோட்டக்காவை. இதுதான் கதையின் கழுத்தில் இருக்கும் கத்தி. மீதியெல்லாம் இதற்குப் பிறகுதான்.

3.

வாசகருக்குப் பில்டர் என்றால் என்னவென்று சொல்லியாக வேண்டும். வடிகட்டி என்று எழுதினால் தமிழாசிரியர்கள் சந்தோஷப்படுவார்கள்; ஆனால் அந்த ஆபீசில் அப்படிச் சொன்னால் காபி போடப் போகிறாள் என்று நினைப்பார்கள். நான் விளக்குவதைவிட அவள் தன் தங்கையிடம் விளக்குவதைக் கேளுங்கள். இருவரும் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். தங்கை துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“நம்ம சொந்தக்காரங்க எல்லாரையும் ஒரே தாள்ல எழுதறோம்னு வெச்சுக்கோ. தலை சுத்தும் இல்ல? அப்பா பக்கம் மட்டும்னு ஒரு பில்டர் போடறேன். பாதிப் பேர் மறைஞ்சிடுவாங்க. போகல, மறைஞ்சிருக்காங்க, அவ்வளவுதான். இந்த ஊர்ல இருக்கறவங்க மட்டும்னு இன்னொண்ணு போடறேன். இன்னும் குறையும்.”

“நம்மகூடப் பேசறவங்க மட்டும்னு போடு.”

“போட்டா?”

“தாள் காலியா இருக்கும்.”

இருவரும் மடித்த துணியெல்லாம் கலையும்வரை சிரித்தார்கள். அன்றைக்குத்தான் கோட்டக்காவுக்குப் பயம் கொஞ்சம் விட்டது.*

* இந்தச் சிரிப்பு கதைக்குத் தேவையில்லை என்று ஒரு நண்பர் சொன்னார். அந்த நண்பரைத்தான் எடுத்துவிட்டேன்.

4.

அவளுக்கு மேலே ஒரு மானேஜர் இருக்கிறார். சட்டப் பிரிவு. அவரைத்தான் வில்லனாக்கத் திட்டமிட்டிருந்தேன். “மானேஜரின் உதட்டில் ஒரு விஷமப் புன்னகை—” என்றுகூட எழுதிப் பார்த்தேன். மனுஷன் ஒத்துழைக்க மறுக்கிறார். சாப்ட்வேரை வாங்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டவரே அவர்தான். கோட்டக்கா கவிழ்ந்தால் அவரும் சேர்ந்து கவிழ்வார். தினமும் அவள் மேஜைக்கு வந்து, “எல்லாம் சரியா வரும்ல?” என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் போய்விடுவார். இப்படிப்பட்டவரை எப்படி வில்லனாக்குவது? பயந்த சுபாவம் என்று மாற்றிக்கொண்டேன். பயந்தவர்களால் வரும் வினை வில்லன்களால் வருவதைவிடப் பெரிது என்பது பிறகுதான் எனக்கே தெரிந்தது.

5.

(இங்கே ஒரு காதல் இருந்தது. பில்டர் போட்டாயிற்று.)

6.

மீட்டிங். அன்று பிற்பகல் குழுமத்தின் குளிர்பதனக் கிடங்குக் கம்பெனியை விற்கக் கையெழுத்தாக வேண்டும். வாங்குகிறவர்கள் வந்துகொண்டிருந்தார்கள். அதற்கு முன்னால் பெரியவருக்குப் படம் புரிய வேண்டும்.

ஸ்கிரீனில் முழுப் படம் வந்தது. பெரியவர் முகம் சுருங்கியது.

“எல்லாத்தையும் பாக்க வேணாம் சார்,” என்றாள் கோட்டக்கா. “இன்னைக்கு நமக்கு என்ன வேணுமோ அது மட்டும்.”

உணவு வியாபாரம் மட்டும் என்று டிக் அடித்தாள். கட்டுமானக் கம்பெனிகளும் லாரிக் கம்பெனிகளும் விலகின. இந்த நாட்டில் உள்ளவை மட்டும் என்றாள். கடல் தாண்டி இருந்த பெட்டிகள் போயின. செயல்படும் கம்பெனிகள் மட்டும் என்றாள். மிச்சமிருந்த பெட்டிகள் தாமாகவே வரிசை கட்டி, எழுத்து பெரிதாகி, நடு ஸ்கிரீனில் வந்து நின்றன. பெரியவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“இது நம்ம மாவு மில்லு. இது... இது எண்ணெய் பேக்டரி. அட, இப்பதாம்மா கண்ணுக்குத் தெரியுது.”

மானேஜர் விட்ட பெருமூச்சு கதவுவரை கேட்டிருக்கும். கோட்டக்காவுக்கு உள்ளங்கால் தரையில் படவில்லை. இரண்டு வருஷ உழைப்பை ஒரு மனிதர் தன் விரலால் தொட்டுத் தொட்டுப் படிப்பதைப் பார்க்கும் சந்தோஷம் இருக்கிறதே, அதை நான் நேராகவே சொல்லிவிடுகிறேன்: அவளுக்கு அழுகை வந்தது.

கதையை இங்கேயே முடித்திருக்கலாம். வெற்றி, சுபம், கைதட்டல். நான் முடிக்கவும் செய்தேன். அப்புறம்தான் அவள் மேஜைமேல் கிடந்த விற்பனைப் பத்திரத்தைப் பார்த்தாள்.

7.

பத்திரத்தோடு, இதே பில்டர்கள் போட்ட படத்தின் அச்சு ஒன்று இணைக்கப்பட்டிருந்தது. முந்தின நாள் அவள்தான் மானேஜருக்குக் கொடுத்தாள். அதில் தலைமைக் கம்பெனியிலிருந்து குளிர்பதனக் கிடங்குக்கு நேராக ஒரு கோடு இறங்கியது. ஸ்கேல் வைத்து, பென்சிலால்.

அது அவள் போட்ட கோடு இல்லை.

நிமிர்ந்து ஸ்கிரீனைப் பார்த்தாள். அங்கே கிடங்கின் பெட்டி ஓரமாக, மேலே எந்தக் கோடும் இல்லாமல், தன்னந்தனியாக நின்றது. நடந்தது அவளுக்கு ஒரு நொடியில் விளங்கிவிட்டது. செயல்படும் கம்பெனிகள் மட்டும் என்ற டிக், நடுவில், வியாபாரம் எதுவும் இல்லாமல் பெயருக்கு மட்டும் இருந்த ஏதோ ஒரு தூங்கும் கம்பெனியை மறைத்திருக்கிறது. தொங்கலில் நின்ற பெட்டியைப் பார்த்துப் பயந்துபோன மானேஜர், கோடு விட்டுப்போயிருக்கும் என்று தானே ஒன்றை இழுத்துவிட்டிருக்கிறார். அந்தக் கோட்டை நம்பித்தான், தலைமைக் கம்பெனியே விற்பதாகப் பத்திரம் எழுதியிருக்கிறார்கள்.

இப்போது வாயைத் திறந்தால் ஜெயித்த படம் தோற்கும். திறக்காவிட்டால் யாருக்கும் தெரியாது, கொஞ்ச நாளைக்கு. அவள் என்ன செய்வாள் என்று எனக்கும் தெரியவில்லை. பேனாவை வைத்துவிட்டுக் காத்திருந்தேன். அவள் எனக்காகக் காத்திருக்கவில்லை.

“சார், இந்தப் படத்துல ஒரு ஆள் குறையறாங்க.”

“யாரு?”

“கிடங்குக்கு மேல கோடே இல்ல பாருங்க. நான் போட்ட பில்டர் நடுவுல ஒரு கம்பெனியை மறைச்சிடுச்சு. பத்திரம் தப்பு.”

பெரியவர் மெதுவாகத் திரும்பினார். “அப்போ உன் படம் பொய் சொல்லுதா?”

“பொய் சொல்லல சார். கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லிச்சு. நான் கேட்ட கேள்விதான் சரியில்ல. இருங்க, வேற மாதிரி கேக்கறேன்.”

எல்லா டிக்கையும் எடுத்தாள். சிலந்திக்கூடு திரும்ப வந்தது. அதற்குள் கிடங்கைத் தேடிப் பிடித்து, மறைத்த பெட்டிகளையும் காட்டு என்று அழுத்தி, இதற்கு மேலே உள்ளவை மட்டும் என்றாள். கூடு கலைந்தது. கீழே கிடங்கு. அதற்கு மேலே சாம்பல் நிறத்தில் ஒரு பெட்டி. அந்தப் பெட்டிக்கு மேலே இரண்டு கோடுகள், பாதிக்குப் பாதி. ஒன்று தலைமைக் கம்பெனிக்குப் போனது. மற்றது ஒரு வட்டத்துக்குப் போனது. படத்தில் வட்டம் என்றால் கம்பெனி இல்லை, ஆள்.

வட்டத்துக்குள் பெரியவரின் தம்பியின் பெயர் இருந்தது.

8.

ஆமாம், அவருக்கு ஒரு தம்பி. முதல் வரைவில் இருந்தார். இருவரும் சேர்ந்து தொடங்கிய முதல் கம்பெனிதான் அந்தச் சாம்பல் பெட்டி. பிறகு ஏதோ மனத்தாங்கல், பேச்சு நின்றது, தம்பி வேறு ஊர் போனார். கதையில் அவர் எதுவும் செய்யவில்லை. செயல்படும் பாத்திரங்கள் மட்டும் என்று நானும் ஒரு டிக் அடித்துவிட்டேன். கோட்டக்கா செய்த அதே காரியம். வித்தியாசம், அவள் அதைத் தானே கண்டுபிடித்தாள். எனக்கு அவள் கண்டுபிடித்துக் கொடுத்தாள்.

9.

இனி என்ன? மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

(அ) பெரியவர் மேஜையைத் தட்டி, “இந்தச் சனியனைத் தூக்கிப்—” எழுதவே கை வரவில்லை.

(ஆ) மானேஜர் மயங்கி விழுகிறார். சரிதான், ஆனால் அவரைத் தூக்க இன்னும் இரண்டு பாத்திரங்கள் வேண்டும்.

(இ) பெரியவர் எழுந்து ஸ்கிரீன் பக்கத்தில் போய் நிற்கிறார்.

(இ) தான் நடந்தது. அவர் அந்தச் சாம்பல் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“இது இன்னும் இருக்கா?”

“இருக்கு சார். தூங்குது, சாகல. கிடங்கை விக்கணும்னா இந்தக் கம்பெனிதான் விக்கணும். அதுக்கு உங்க ரெண்டு பேர் கையெழுத்தும் வேணும்.”

“இது தெரியாம கையெழுத்துப் போட்டிருந்தா?”

“செல்லாது சார். அவர் பங்கை அவரைக் கேக்காமலே வித்த மாதிரி ஆயிருக்கும்.”

மானேஜர் யாருக்கும் தெரியாமல் ரப்பர் எடுத்து அந்தப் பென்சில் கோட்டை அழித்துக்கொண்டிருந்தார். எல்லோருக்கும் தெரிந்தது.

“வாங்கறவங்களை இன்னொரு நாள் வரச் சொல்லு,” என்றார் பெரியவர் அவரிடம். “இனிமே இந்தக் குழுமத்துல எந்தப் பத்திரமும் இந்தப் படத்தைப் பாக்காம என் மேஜைக்கு வரக்கூடாது. கையால வரையற வேலையெல்லாம் இன்னையோட விடுங்க.” பிறகு கோட்டக்காவைப் பார்த்து, “நீ வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்.”

“இருந்திருக்கலாம் சார்.”

“நல்ல வேளை.”

அவள் ஜெயித்துவிட்டாள். அந்த அறையில் எழுந்து ஆட முடியாத குறைதான். ஆடியிருந்தால் நான் தடுத்திருக்கமாட்டேன்.

10.

பெரியவர் போனை எடுத்தார். எண்ணைத் தேட வேண்டியிருக்கவில்லை. இந்தக் கதைக்கு நான் வைத்திருக்கும் பில்டர் ‘கோட்டக்கா இருக்கும் இடம் மட்டும்’ என்பது. ஆகவே அவள் காதில் விழுந்ததைத்தான் என்னால் தர முடியும்.

“நான்தான்.”

போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டார்.

“ம்... ம்... இல்லடா, உடம்புக்கெல்லாம் ஒண்ணுமில்ல. இங்க ஒரு படம் பாத்தேன். அதுல நீ இருக்கே.”

பெரியவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கண்ணாடியைக் கழற்றாமலே துடைத்ததால் அது ஒருபக்கம் சாய்ந்து நின்றது.

“அவனும் பாக்கணுமாம்,” என்று போனைக் கோட்டக்காவிடம் நீட்டினார். “எதைக் காட்டணும், எதை வேணாம்னு நான் சொல்லமாட்டேன். நீயே கேட்டுக்கோ.”

தம்பிக்கு நான் குரல் எழுதவில்லை. கிடங்கை மட்டும் கேட்பாரா, தன் பெயரிலிருந்து புறப்படும் கோடுகளைக் கேட்பாரா, ஒன்றும் வேண்டாம் என்று வைத்துவிடுவாரா? மூன்றையும் எழுதி மூன்றையும் அழித்தேன். ஒருமுறை அவரை மறைத்தவன் நான், அவர் வாயில் வார்த்தையை வேறு வைக்க எனக்கு உரிமை கிடையாது. இத்தனை நேரம் எதுவும் பேசாமல் மறுமுனையில் இருந்தது நீங்கள்தான். போனை உங்களிடமே தருகிறேன்.

கோட்டக்கா ஒரு கையில் போனைக் காதோடு வைத்துக்கொண்டு மறுகையில் மவுஸைப் பிடித்து, மிச்சமிருந்த டிக்கையும் எடுத்தாள். ஸ்கிரீனில் எல்லாப் பெட்டியும் திறந்தே இருந்தது.

“சொல்லுங்க,” என்றாள். “உங்களுக்கு என்ன பாக்கணும்?”