மலைப்பாதையில் ஒரு கார்னேஷன் மாலை

"மாலையை நான்தான் போடுவேன்! தமிழ்ச் சங்கத்துக்கு பிரசிடென்ட் நானா, நீயா?" என்று சுந்தர்சிங் எகிறினார்.

"அங்கிள், அவர் ரேஸ் ஓட்டறார். ரிசப்ஷனுக்கு வரலை. நடுவுல நிக்க முடியாது!" அமலி கத்தியதில் பக்கத்து டென்ட் அமெரிக்கர்கள் பீர் டின்னைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்கள்.

எண்பத்தாறு ஜூலை. கலிஃபோர்னியாவில் லிவர்மோருக்குத் தெற்கே மலைப்பாதை ஓரம், சைக்கிள் பந்தயத்துக்கு முந்தின நாள் மதியமே போய் டென்ட் அடித்திருந்தோம். மூன்று தமிழ்க் குடும்பங்கள். இட்லிக்கு ஒரு கூலர், சட்னிக்குத் தனிக் கூலர். எல்லாம் பந்தயத்தில் ஓட்டுகிற நம் ஜெபதாஸுக்காக. லேபில் இன்ஜினியர், மூன்று வருஷமாக அமலியைப் பெண் கேட்டுக்கொண்டிருந்தான். "தொடை தெரிய ட்ரௌசர் போட்டுக்கிட்டு ரோட்டுல சுத்தறவனுக்கா என் பொண்ணு?" என்ற அவள் அம்மா ஞானமணி ஒருவழியாக இறங்கிவந்து, முதல் பத்துப் பேரில் வந்தால் சம்மதம் என்றிருந்தார்.

சுந்தர்சிங்குக்கு டெக்சஸ் இர்விங்கில் கல்யாணமாகாத தம்பி ஒருவன் உண்டு, கிரீன் கார்டோடு. சும்மா தகவலுக்குச் சொல்கிறேன்.

மாலை கட்டியது அவர் மனைவி கிருபாராணி. சூப்பர்மார்க்கெட் கார்னேஷன் பூ. நாருக்குப் பதில் பல் இடுக்கில் விடுகிற ஃப்ளாஸ் நூல். "இழுத்தாலும் அறுபடாது" என்று ஒவ்வொரு டென்ட்டாகப் போய் இழுத்துக் காட்டினாள்.

மறுநாள் பதினோரு மணிக்கு வளைவில் ஜெபதாஸ் தெரிந்தான். ஏழாவது! பந்தயம் முடிகிற உச்சிக்கு இன்னும் அரை மைல்தான். சுந்தர்சிங் ரோட்டில் இறங்கி, பிஷப்பை வரவேற்கிற சிரிப்போடு, குனிந்து மிதித்துக்கொண்டிருந்தவன் கழுத்தில் மாலையை வீசினார். அது சரிந்து முன்சக்கரக் கம்பிகளுக்குள் போய்ச் சுற்றிக்கொண்டது. நூல் அறுபடவில்லை. ஜெபதாஸின் தோளெலும்புதான் முறிந்தது.

தாரில் கிடந்தபடி, "எத்தனை பேர் போயிட்டாங்க? அமலி, எத்தனை பேர்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தான்.

"பத்துப் பேரும் தாண்டியாச்சு தம்பி" என்றார் ஞானமணி. நின்று எண்ணியிருக்கிறார்.

"ரெண்டு செகண்ட் நின்னு வாங்கியிருந்தா என்ன கொறஞ்சா போயிருக்கும்?" என்று சுந்தர்சிங் சட்டையிலிருந்த இதழ்களைத் தட்டிவிட்டார். ஆம்புலன்ஸ் வருவதற்குள் இட்லி காலி.

ஞானமணி பேச்சு மாறாதவர். பிப்ரவரியில் அமலிக்கு இர்விங்கில் கல்யாணம்; மாப்பிள்ளை யாரென்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஜெபதாஸ் வேலையை மாற்றிக்கொண்டு நியூஜெர்சி பார்சிப்பனிக்குப் போய், அங்கே ஒரு நர்ஸைக் கட்டிக்கொண்டானாம். எங்கள் மூன்று வீட்டில் ஒரு வீட்டுக்கும் பத்திரிகை வரவில்லை.