சங்கு ஊதும் வரை

வெள்ளைக்காரத் துரைமார் போன பிறகு, ரிங்லெட் ஊருக்கு மேலே மலையிலிருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்தை மௌன மடம் நடத்தியது. கொழுந்து பறிப்பவர்கள் எல்லோரும் துறவிகள். காலையில் முதல் கொழுந்தைக் கிள்ளியதிலிருந்து மாலையில் சங்கு ஊதும் வரை யாரும் பேசக்கூடாது. அட்டை கடித்தாலும் பேச்சில்லை. நோயில் படுத்தவர்களுக்கும் அதே விதிதான்.

அன்று காலை ஜெயாவுக்குக் காய்ச்சல். சரிவின் அடியிலிருந்த பெரிய கூடத்தில் அவளை மற்ற நோயாளிகளோடு படுக்க வைத்துவிட்டுத் துளசி கிளம்பினாள்.

"காய்ச்சல் எனக்கு, வேல ஒனக்கு. குடுத்து வச்சவ நான்" என்றாள் ஜெயா. "சாயங்காலம் ஏதாச்சும் கத கொண்டாக்கா. நாள் பூரா ஊமையா கெடக்கணும் லா."

"கொண்டாரேன். கஞ்சியக் குடி."

மதியத்துக்குமேல் துளசி சரிவின் உச்சியில் பறித்துக்கொண்டிருந்தாள். ஒரு வாரமாக மழை. வாய்க்காலில் தண்ணீர் செம்மண் குழம்பாக ஓடியது. அதைப் பார்த்ததும் மலை நகர்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது. ஒரு குரல் கொடுத்தால் கீழே கேட்கும். சங்குக்கு இன்னும் கொஞ்ச நேரம்தானே, ஊதியதும் சொல்லலாம் என்று அடுத்த செடிக்கு நகர்ந்தாள்.

சங்குக்கு முன்பே, அவளுக்குக் கீழே சரிவு இறங்கியது. கூடம் புதைந்தது. அங்கே மாட்டியிருந்த சங்கும் போயிற்று.

மேலே இருந்தவர்கள் ஓடிவந்து கையால் மண்ணை அள்ளினார்கள். யாரும் வாய் திறக்கவில்லை. சங்கு இன்னும் ஊதவில்லையே.

கியா பார்மிலிருந்து காய்கறி ஏற்றிவந்த குகனேஸ்வரன் லோரியை நிறுத்திவிட்டு இறங்கினான். மீட்புப் படைக்குக் கைப்பேசியில் சொல்லிவிட்டு அவர்களைப் பார்த்தான்.

"ஏன் சாமி, வாயில கொழுக்கட்டையா? பேரச் சொல்லிக் கூப்பிடுங்க லா. உள்ள இருக்கறவங்க பதில் சொன்னாத்தானே எங்க தோண்றதுன்னு தெரியும்?"

மடத்தின் தலைவர் வீரப்பன் உதட்டில் விரலை வைத்தார். அவர் கண்களில் நீர் வழிந்தது. விரலை மட்டும் எடுக்கவில்லை.

துளசி மண் அள்ளுவதை நிறுத்தினாள். இப்போது கூப்பிட முடியுமென்றால் உச்சியில் நின்றபோதும் முடிந்திருக்கும். அதை நினைத்துத்தான் இவ்வளவு நேரம் பேசாமல் அள்ளிக்கொண்டிருந்தாள்.

"ஜெயா" என்றாள்.

வீரப்பன் திரும்பிப் பார்த்தார். அவள் இன்னொரு முறை கூப்பிட்டாள்.

காலடியில், சாய்ந்து கிடந்த உத்தரத்துக்குக் கீழே, மெல்லிய குரல் கேட்டது.

"சங்கு ஊதிட்டாங்களாக்கா?"

துளசி மண்ணில் முகத்தை வைத்துப் படுத்தாள். "ஊதல. ஊதாது. நீ பேசு."

அந்தப் பேச்சைக் கேட்டு, சற்றுத் தள்ளி இன்னொரு குரல் எழுந்தது. மறுபக்கம் ஓர் ஆண் குரல் இருமியது. குகனேஸ்வரன் அங்கே ஓடினான். வீரப்பனின் விரல் உதட்டிலிருந்து இறங்கியது. அவரும் பெயர்களைக் கூப்பிடத் தொடங்கினார்.

துளசி ஜெயாவின் பக்கமிருந்த மண்ணைத் தள்ளியபடியே கூடத்தில் இருந்தவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். காளியம்மாவிடமிருந்து பதில் இல்லை. மாடசாமியிடமிருந்தும் இல்லை.

"காளியம்மாக்கா கொஞ்ச நேரம் முந்தி மொனகுச்சு" என்றது ஜெயாவின் குரல். "பக்கத்துலதான். நான் எதுவும் சொல்லலக்கா. சொல்லக்கூடாதுன்னு இருந்துட்டேன்."

"நானுந்தான்" என்றாள் துளசி. காளியம்மாவை மறுபடி கூப்பிட்டாள்.