மாப்பிள்ளை மேல் கால் படாது

நான் கால் முன்னே வந்து பிறந்தவன். அப்படிப் பிறந்தவன் காலால் மிதித்துவிட்டால் சுளுக்கும் பிடிப்பும் விட்டுப்போகும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. குன்னத்தில் எங்கள் வீட்டுக்குக் கதவு எண் இருக்கிறது. ஆனால் ‘கால்காரர் வூடு’ என்று கேட்டால்தான் யாரும் வழி சொல்வார்கள்.

நடக்கத் தெரிந்த வயதிலேயே எனக்கு அந்த வேலை வந்துவிட்டது. விடிந்தால் வாசலில் ஆள் நிற்கும். வெங்காய மூட்டை தூக்கி இடுப்பைப் பிடித்துக்கொண்டவர்கள், பருத்திக்காட்டில் குனிந்து நிமிர முடியாமல் போனவர்கள், கீழப்பழுவூரிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்தவர்கள். அப்பா கோரைப்பாயை விரித்து அவர்களைக் குப்புறப் படுக்கச் சொல்வார். முதலில் தம் விரலால் வலிக்கும் இடத்தை அழுத்திப் பார்ப்பார். பிறகு என் காலைக் கழுவித் துடைத்து, என் இரண்டு கக்கத்திலும் கை கொடுத்துத் தூக்குவார். என் பாரமெல்லாம் அவர் கையில் இருக்கும். என் பாதம் மட்டும் அந்த முதுகில் மெல்ல இறங்கும். வெயிலில் காய்ந்த அந்த முதுகுகளின் சூடு இன்னும் என் உள்ளங்காலில் இருக்கிறது.

எழுந்தவர்கள் இடுப்பை இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்ப்பார்கள். “விட்டுப்போச்சுங்க” என்று சிரிப்பார்கள். அந்தச் சிரிப்புத்தான் எங்களுக்கு. வேறு எதையும் வாங்கியதில்லை. ஒருமுறை ஒருவர் வாழைப்பழச் சீப்பு ஒன்றை வாசலில் வைத்துவிட்டுப் போக, அப்பா அதைத் தூக்கிக்கொண்டு வண்டிக்குப் பின்னாலேயே ஓடினார். வேட்டி அவிழ அவிழ ஓடினார். அப்படிக் காப்பாற்றிய பெயர். அப்பா போன பிறகும் என் காலைத் தேடி ஆள் வருவது நிற்கவில்லை.

என் மகள் பூங்குழலியைத் திருமழபாடியில் கொடுத்திருக்கிறேன். மாப்பிள்ளை அறிவரசன் இரண்டாம் நிலைக் காவலர் எழுத்துத் தேர்வில் பாஸ் செய்துவிட்டார். அடுத்தது பெரம்பலூர் மைதானத்தில் ஓட்டம். வயது வரம்பு முடியப்போவதால், இதை விட்டால் அவருக்கு இன்னொரு வாய்ப்பு இல்லை. மணலில் ஓடினால் கால் உரமேறும் என்று யாரோ சொல்ல, கொள்ளிடத்து மணலில் தினமும் ஓடியிருக்கிறார். ஒரு நாள் ஓடும்போதே கெண்டைக்காலில் கல்லெறி பட்டது மாதிரி இருந்திருக்கிறது. திரும்பிப் பார்த்தாராம். பின்னால் யாருமே இல்லை.

மறுநாள் காலையில் எங்கள் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. மகளும் சம்பந்தியம்மா பொன்னாயியும் இரண்டு பக்கமும் தாங்கிப் பிடிக்க, மாப்பிள்ளை ஒற்றைக் காலால் இறங்கினார்.

“வாங்க மாப்பிள்ள.”

“மாமா, ஒரு மிதி மிதிச்சு வுட்டுடுங்க. எப்படியாச்சும் ஓடியாவணும்.”

என் மனைவி சின்னம்மாள் அதற்குள் கோரைப்பாயை விரித்துவிட்டாள்.

“பாயைச் சுருட்டு” என்றேன்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை. கல்யாணத்தன்று அவரை மணையில் உட்கார வைத்து, பாலூற்றி நான் குனிந்து கழுவிய கால் அது. அதன் மேல் என் காலைத் தூக்கி வைப்பதா? எங்கள் வீட்டில் மாப்பிள்ளைகள் முன்னால் காலை நீட்டிக்கூட யாரும் உட்கார்ந்ததில்லை.

“ஏப்பா, ஊருல போறவன் வர்றவனுக்கெல்லாம் மிதிச்சீங்க. என் வூட்டுக்காரருக்கு மிதிச்சா மட்டும் உங்க காலு தேஞ்சு போயிடுமா?” என்றாள் பூங்குழலி.

“மத்தவன் மத்தவன். மாப்பிள்ளை மாப்பிள்ளை.”

“பெத்தவ நானே சொல்றேன், வையுங்க சம்பந்தி” என்றார் பொன்னாயி. “வேணும்னா நான் கண்ண மூடிக்கிறேன்.”

“நீங்க மூடிக்கிட்டா ஊரு மூடிக்குமாங்க?”

“அப்ப நான் பெரம்பலூர் டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போறேன்” என்று சொல்லிவிட்டு மகள் உள்ளே போனாள்.

அது என்னைச் சுட்டது. கால்காரர் வீட்டு மாப்பிள்ளை காலுக்கு டாக்டர். பஸ் ஸ்டாப்பில் ஊரே பார்க்கும். மிதித்தால் மரியாதை கெடும். மிதிக்காமல் டாக்டரிடம் போனால் தலைமுறைப் பெயர் கெடும். முற்றத்தில் நின்றுகொண்டிருந்தேன். மாப்பிள்ளை சுவரைப் பிடித்துப் பிடித்துக் கொல்லைப் பக்கம் போனார். என்னைப் பார்த்ததும் கையைச் சுவரிலிருந்து எடுத்து, நன்றாக நடப்பவர் போல நடக்கப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

“சட்டையைப் போடுங்க மாப்பிள்ள. நானே கூட்டிட்டுப் போறேன். பொம்பளைங்க யாரும் வர வேணாம்.”

கேலி வந்தால் அது என் மேல் விழட்டும், என் மகள் மேல் விழ வேண்டாம் என்று நினைத்தேன். எதிர்பார்த்தபடியே வந்தது. பஸ் ஸ்டாப் டீக்கடை பெஞ்சில் தர்மராஜ் உட்கார்ந்திருந்தான். என்னோடு ஒன்றாகப் படித்தவன்.

“என்ன கால்காரரே, காலுக்கு லீவு வுட்டாச்சா? மாப்பிள்ளைய டவுனுக்குத் தள்ளிக்கிட்டுப் போறீரு?”

“காலு நல்லாத்தான்டா இருக்கு. உன் வாயிலதான் சுளுக்கு. வா, மிதிச்சு வுடுறேன்.”

பெஞ்சே சிரித்தது. நான் சிரிக்கவில்லை.

பெரம்பலூரில் பிசியோதெரபி டாக்டர் நர்மதா, என் மகள் வயதுதான். மாப்பிள்ளை காலைத் தொட்டு, மடக்கி, நீட்டிப் பார்த்தார்.

“தசை கொஞ்சம் கிழிஞ்சிருக்கு. யாராச்சும் தேய்ச்சு வுட்டாங்களா? மிதிச்சாங்களா?”

“இல்லைங்க” என்றார் மாப்பிள்ளை.

“நல்ல வேளை. இந்த நேரத்துல மிதிச்சிருந்தா கிழிசல் பெருசாயி உள்ள ரத்தம் கட்டியிருக்கும். அப்புறம் ஓட்டத்தை மறந்துட வேண்டியதுதான்.”

நாங்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. நான் மறுத்தது வேறு காரணத்துக்கு. அதில் எனக்குப் பெருமை சேராது.

திரும்பும்போது பஸ்ஸில் பழைய முதுகுகளெல்லாம் நினைவுக்கு வந்தன. அவை பிடிப்பு, இது கிழிசல். அப்பா அழுத்திப் பார்த்துவிட்டுச் சிலரை மட்டும் எழுப்பி, “இது புள்ள காலுக்கு ஆவாது. அரியலூர் ஆஸ்பத்திரிக்குப் போங்க” என்று அனுப்பிவிடுவார். அவர்கள் கெஞ்சினாலும் கேட்க மாட்டார். அன்று ஏன் என்று புரியாமல், பாயை விட்டு இறங்க மாட்டேன் என்று நான் அழுதிருக்கிறேன். அப்பாவிடம் கேட்டிருக்கலாம். கேட்கும் வயதில் கேட்கத் தோன்றவில்லை.

பிறகு எல்லாம் எங்கள் வீட்டிலேயே, நர்மதா சொன்னபடி நடந்தது. கடையிலிருந்து ஐஸ்கட்டி வாங்கித் துண்டில் சுற்றிக் கட்டினாள் மகள். வலி குறைந்ததும் வாசற்படி விளிம்பில் நின்று குதிகாலை ஏற்றி இறக்கினார் மாப்பிள்ளை. “இதென்ன படியில ஏறாமலே ஏறுறது?” என்று பொன்னாயி முணுமுணுத்தார். அப்புறம் மக்காச்சோளக் காட்டோரமாக நடை, மெல்லிய ஓட்டம். டாக்டரிடம் போகும் ஒவ்வொரு முறையும் பஸ் ஸ்டாப்பில் தர்மராஜ் ஏதாவது சொன்னான். ஒவ்வொரு முறையும் நான்தான் மாப்பிள்ளையோடு போனேன்.

தேர்வன்று மைதானத்துக்குள் எங்களை விடவில்லை. வெளியே வேப்பமரத்தடியில் பிள்ளைகளைப் பெற்றவர்கள் கூட்டம். உள்ளே விசில் ஊதுவது மட்டும் கேட்டது. மாப்பிள்ளையின் அணி ஓடத் தொடங்கியபோது மகள் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். சின்னப் பிள்ளையில் திருவிழாக் கூட்டத்தில் அப்படித்தான் பிடித்துக்கொள்வாள்.

வெகுநேரம் கழித்து அவர் கேட்டைத் தாண்டி வந்தார். நொண்டித்தான் வந்தார்.

“நேரத்துக்குள்ள முடிச்சிட்டேன் மாமா. கடைசிக்கு முந்துன ஆளு. அடுத்த சுற்றுக்கு எடுத்துட்டாங்க.”

மகள் அழுதுவிட்டாள். பொன்னாயி அழவில்லை, கூட்டத்தைப் பார்த்துத் திரும்பிக் கையைத் தூக்கினார்.

“எங்க சம்பந்தி யாருன்னு தெரியுமா? குன்னத்துக் கால்காரரு! அவரு மிதிச்ச மிதியிலதான் எம் புள்ள ஓடியிருக்கான்!”

கூட்டம் என் காலைப் பார்த்தது. ஒருவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிடக்கூட வந்தார். இத்தனை நாள் டீக்கடையில் இறங்கிய பெயர் ஒரே வார்த்தையில் மேலே ஏறி நின்றது. நான் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும்.

“நான் மிதிக்கலைங்க” என்றேன், எல்லோருக்கும் கேட்கும்படி. “டாக்டரம்மா வைத்தியம். என் காலு என் மாப்பிள்ளை மேல படல. படவும் படாது.”

“நான் தூக்கி வுடுறேன், நீங்களே கீழ போடுறீங்களே சம்பந்தி!”

“நாம செய்யாததுக்குப் பேரு வாங்குற பழக்கம் எங்க வூட்டுல இல்லைங்க.”

பொன்னாயி கோபித்துக்கொண்டு பஸ்ஸில் முன் சீட்டுக்குப் போய்விட்டார். மாப்பிள்ளைக்கு ஜன்னலோரம். கால் கடுக்கிறது என்று அவர் சொல்லவில்லை, சொல்லாமலே தெரிந்தது. நான் எழுந்து, என் இடத்தில் அவர் காலை நீட்டி வைக்கச் சொன்னேன். அவர் கூச்சப்பட்டார். பிடிவாதமாக வைக்க வைத்தேன்.

கண்டக்டர் வந்தார். “தம்பி, கால எடுப்பா. பெரியவரு நிக்கிறாரு பாரு.”

“அது என் டிக்கெட்டுங்க. என் இடத்துலதான் வச்சிருக்காரு. நீங்க போங்க.”

கம்பியைப் பிடித்துக்கொண்டு குன்னம் வரை நின்றே வந்தேன்.